படிக்கிறவருக்கு விடை தெரியாது

(கல்லூரி மாணவர்களுக்கு வேலையிட எழுத்தைக் கற்றுத்தருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அம்பத்தூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டு வேலை பார்த்தேன். அதன்பின் பொறியியல் கல்லூரியில் 19 ஆண்டு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.)

நான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பொறியியல் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வகுப்பில் 62 பேர். ‘ரிப்போர்ட் எழுதுங்கள்’ என்றால் எல்லோரும் கைடில் இருக்கும் அதே தீ விபத்து அறிக்கையை எழுதித் தருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
— உதவிப் பேராசிரியை, நாமக்கல்

அந்தத் தீயை நானும் நூற்றுக்கணக்கான தாள்களில் படித்திருக்கிறேன் அம்மா. எல்லாத் தாளிலும் மின்கசிவு, எல்லாத் தாளிலும் நள்ளிரவு, எல்லாத் தாளிலும் தீயணைப்பு வண்டி விரைந்து வந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தொழிற்சாலை வாசலை மிதிக்காத பதினெட்டு வயதுப் பிள்ளையிடம், பார்க்காத தீயைப் பற்றி, இல்லாத மேனேஜருக்கு எழுதச் சொல்கிறோம். அது கைடைத்தானே திறக்கும்?

பள்ளிக்கூடத்திலிருந்து அவர்கள் எழுதியதெல்லாம் விடை தெரிந்த ஒருவருக்கு. 13 மார்க் கேள்வியா, ஆறு பக்கம் எழுது, தலைப்புக்கு அடிக்கோடு போடு, ஒரு படம் வரை. திருத்துகிறவர் தனக்கு வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்வார். வேலைக்குப் போன முதல் நாளே இது தலைகீழாகிறது. அங்கே படிக்கிறவருக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறார். தெரிந்ததும் எழுந்துபோய் எதையோ செய்யப் போகிறார்: மெஷினை நிறுத்துவார், பணம் அனுப்புவார், கிளம்பிய லாரியைத் திருப்பச் சொல்வார். இதை வாயால் எத்தனை தடவை சொன்னாலும் மாணவருக்கு ஏறாது. ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் வாரம் நான் பாடப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டு ஐந்து மைக்ரோமீட்டரும் ஐந்து சின்ன எஃகு உருளையும் வாங்கி வருவேன். ‘இந்த உருளையின் விட்டத்தை அளப்பது எப்படி என்று, இதைத் தொட்டே பார்த்திராத ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள்’ என்பேன். எழுதி முடித்ததும் பக்கத்து வகுப்பிலிருந்து முதலாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டி வருவேன். தாளில் இருப்பதை மட்டும் அவர்கள் செய்ய வேண்டும். எழுதியவர் பக்கத்திலேயே நிற்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு மாணவன் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது: ‘மைக்ரோமீட்டரைச் சரியாகப் பிடித்து, உருளையை நடுவில் வைத்து, நன்றாகத் திருகி, அளவைக் கவனமாகக் குறிக்கவும்.’ படித்த பெண் உருளையை வைத்து, தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ‘நன்றாக’ என்றுதானே எழுதியிருக்கிறது? அளவு 0.02 மி.மீ. குறைவாக வந்தது. எழுதியவன் கை பிசைந்துகொண்டு நின்றான். அவன் கண்ணெதிரே அவனுடைய வாக்கியம் தோற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் அவனே திருத்திக் கொண்டுவந்தான்: ‘வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் குமிழின் பெயர் ரேட்செட். உருளை இரண்டு முகத்துக்கும் நடுவே வந்ததும் ரேட்செட்டை மட்டும் சுற்று. டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம் கேட்டதும் நிறுத்து.’ ‘சரியாக’, ‘நன்றாக’, ‘கவனமாக’ மூன்றும் போய்விட்டன. நான் கோடு போட்டு அடிக்கவில்லை, அவனாகவே எடுத்துவிட்டான்.

62 பேருக்கும் இது முடியுமா என்று கேட்பீர்கள். நாலு நாலு பேராகப் பிரியுங்கள். மைக்ரோமீட்டர் கிடைக்காவிட்டால் புரொஜெக்டரை லேப்டாப்போடு இணைப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது எதுவானாலும் சரி. தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய் சிவப்பு மை போட வேண்டியதில்லை. படித்தவர் எந்த வரியில் நின்று விழித்தாரோ அந்த வரிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் திருத்தம்.

நான் மெக்கானிக்கல் துறை. எழுதக் கற்றுத்தருவது ஆங்கிலத் துறையின் வேலை. எங்களுக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை. இதில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?
— இணைப் பேராசிரியர், மதுரை

உங்களிடம்தான் விஷயம் இருக்கிறது ஐயா, அதனால்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தொழில்முறை ஆங்கிலம் முதல் இரண்டு செமஸ்டரில் வந்து முடிந்துவிடுகிறது. அந்த வயதில் பிள்ளைகளிடம் எழுதுவதற்குச் சரக்கு ஏது? சரக்கு சேரும்போது, மூன்றாம் வருட லேபிலும் நான்காம் வருட புராஜெக்டிலும், எழுத்தைப் பார்க்க ஆளில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, ‘முடிவு: சோதனை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது’ என்ற கடைசி வரி வரைக்கும் பார்த்து எழுதுகிறார்கள். நாம் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கடைசி வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கிடைத்த எண் என்ன, எதிர்பார்த்தது என்ன, வித்தியாசம் எதனால்? மூன்று வாக்கியம். பாட நேரத்தில் பத்து நிமிடம்கூடப் போகாது.

எழுத்து இன்ஜினியரிங்குக்கு வெளியே இருக்கிறது என்று நினைப்பவர்களிடம் நான் கொலம்பியாவைப் பற்றிச் சொல்வேன். 2003 பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வந்த அந்த விண்ணோடம் வானத்திலேயே சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஜனவரி 16 அன்று ஏவிய ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. அதனால் ஆபத்து உண்டா என்று, அவர்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதில் ஒரு ஸ்லைடைத் தனியாக எடுத்துப்போட்டு அலசியிருக்கிறது. தலைப்பு படிப்பவருக்குத் தைரியம் சொல்வதுபோல் இருக்கும். அதன் கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. அடியில், சின்ன எழுத்தில்தான் முக்கியமான எண் வருகிறது: சோதனையில் மோதவிட்ட நுரை 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாகக் கணித்தது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது கையில் இருந்த சோதனை எதையும் வைத்து இந்த மோதலைப் பற்றிப் பேசவே முடியாது. தலைப்பாக வந்திருக்க வேண்டிய விஷயம் அடிக்குறிப்புபோலக் கிடந்தது.

அந்த ஸ்லைடு ஒழுங்காக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் கணக்குத் தெரிந்த, நல்லெண்ணம் உள்ள பொறியாளர்கள் தயாரித்த தாள் அது. எதை மேலே வைப்பது என்பதும் பொறியாளரின் முடிவுதான். அதை ஆங்கில டீச்சரால் எடுக்க முடியாது. 640 மடங்கு என்பது பெரிய விஷயம் என்று சொல்ல உங்கள் துறை ஆள்தான் வேண்டும்.

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். கல்லூரி முடித்த பையன்களை, ஆர்டரைக் கவனித்து, துணி வாங்கும் பையருக்கு எழுதும் மெர்ச்சண்டைசராக எடுக்கிறேன். பையரிடமிருந்து ‘நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்றே பதில் வருகிறது. இவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?
— நிறுவன உரிமையாளர், திருப்பூர்

நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். வணக்கம், நலம் விசாரிப்பு, பிறகு ‘தாங்கள் அறிந்தபடி சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால்’, பிறகு தொடர் மழை, பிறகு ‘எங்கள் முழு முயற்சியையும் செய்து வருகிறோம்’. பதினொன்றாவது வரியில்தான் ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்று தெரிகிறது. எத்தனை நாள் என்று கடைசி வரை இல்லை. பையர் பாவம், என்ன செய்வார்?

விவரங்களை மாற்றிவிட்டு அதே விஷயத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன் (லேப் டிப் என்பது நிறம் சரிதானா என்று பார்க்க முதலில் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி):

‘நேவி ப்ளூ டி-ஷர்ட் 2,200 பீஸ் 12-ஆம் தேதிக்குப் பதில் 18-ஆம் தேதிதான் ரெடியாகும். லேப் டிப் மூன்றாவது தடவைதான் ஓகே ஆனது, அதனால் சாயப்பட்டறையில் ஆறு நாள் தள்ளிப்போனது. வெள்ளையும் சாம்பலும் 3,800 பீஸ் ரெடியாக இருக்கிறது, 12-ஆம் தேதியே அனுப்பலாம். பிரித்து அனுப்பட்டுமா, எல்லாவற்றையும் சேர்த்து 18-ஆம் தேதி அனுப்பட்டுமா? வியாழன் மாலைக்குள் சொன்னால் கன்டெய்னர் புக் செய்துவிடுவோம்.’

ஐந்து வரி. இதை ஆங்கிலத்தில் போட பெரிய புலமை வேண்டாம். உங்கள் பையன்களை முதலில் இப்படித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பையர் எதை முடிவு செய்ய வேண்டும் என்று தமிழிலேயே எழுத வராவிட்டால், ஆங்கிலத்தில் சுற்றி வளைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையனுக்கு ஆறு நாள் தாமதம் என்று தெரியாமல் இல்லை. எழுதப் பயம். கெட்ட செய்தியை முதல் வரியில் போட்டால் ‘யாரைக் கேட்டு எழுதினாய்?’ என்று திட்டு விழும் என்று நினைக்கிறான், மழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். மொழிக் குறை என்று நாம் நினைக்கிற பல இடங்களில் நான் கண்டது பயத்தைத்தான். தாமதத்தை நேராக எழுதிய முதல் மெயிலுக்கு நீங்கள் அவனைக் கூப்பிட்டு ‘நல்லா எழுதினே தம்பி’ என்று சொல்லிப் பாருங்கள். என் வகுப்பு ஒரு செமஸ்டரில் செய்வதை அந்த ஒரு வார்த்தை செய்யும்.

‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதுவது தவறா? வகுப்பில் சண்டையே நடக்கிறது.
— இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

தவறில்லை. நம் ‘ஆவன செய்யவும்’ மாதிரி பழைய அலுவலக வழக்கு அது. பிரச்சினை வேறு: எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. ‘ஹால் டிக்கெட்டில் என் பிறந்த தேதியைத் திருத்தித் தாருங்கள்’ என்று எழுதிவிட்டால் நீட்ஃபுல்லுக்கு அங்கே வேலையே இருக்காது.

32 ஆண்டு அரசுப் பணியில் கோப்பு எழுதியவன் நான். எங்கள் அலுவலகத் தமிழைக் கேலி பேசுகிறார்கள். அதில் மாணவர்கள் கற்க ஒன்றுமே இல்லையா?
— ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தஞ்சாவூர்

நிறைய இருக்கிறது ஐயா. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நீங்கள் போட்ட வரிசையை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டித்தான் மின்னஞ்சல் பாடமே தொடங்குவேன். ‘பொருள்’ என்ற ஒரு வரியைப் பார்த்தே கடிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தபால் பிரிவில் சொல்லிவிடலாம். இன்றைக்குப் பிள்ளைகள் ‘ஹாய்’ என்றும் ‘அர்ஜென்ட்’ என்றும் பொருள் வரி போடுகிறார்கள், சிலர் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். ‘பார்வை’ இன்னும் மேல். இந்த விஷயத்தில் இதற்கு முன் யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார்கள் என்று ஒரே இடத்தில் இருக்கும். மூன்று வருடம் கழித்து வருகிற புது அதிகாரிகூட நூலைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பெரிய பெரிய ஐ.டி. புராஜெக்டுகளில் இது இல்லாமல் தவிப்பதை என் பழைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளாதது கடைசி வரியை மட்டும்: ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ கேட்பவர் யார், செய்பவர் யார், எப்போதைக்குள் என்று அந்த ‘படுகிறது’ எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அந்த ஒரு வினைமுற்றால் நான் பட்டதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பாடம் நன்றாகப் புரிகிறது, மார்க்கும் வருகிறது. ஆங்கிலத்தில் ரிப்போர்ட் என்றால் கை நடுங்குகிறது. பெரிய பெரிய வார்த்தைகள் தெரியவில்லை.
— மூன்றாம் ஆண்டு மாணவர், அரியலூர்

பெரிய வார்த்தை வேண்டவே வேண்டாம் தம்பி. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. 1980-களில் ஐரோப்பிய விமானத் துறையினர் உருவாக்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குகள் உலகம் முழுக்க அந்தக் கையேட்டைப் படித்துத்தான் விமானத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். அதன் அகராதியில் பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900தான். அதோடு பாகங்களின் பெயர், வேலைக்குரிய வினைச்சொற்கள் சேரும். செய்முறை சொல்லும் வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். வாக்கியத்துக்கு ஒரே வேலை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் விமானத்துக்கு அந்த ஆங்கிலம் போதும் என்றால் உன் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் போதாதா?

சின்னச் சொல்லைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள். உதாரணத்துக்கு, சர்வதேசத் தர ஆவணங்களில் ‘ஷல்’ என்று இருந்தால் கட்டாயம் செய்தே ஆக வேண்டும். ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ‘மே’ என்றால் அனுமதி. மூன்றும் ஆறாம் வகுப்புச் சொற்கள்தான், ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று விழுந்தால் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் நஷ்டம் வரலாம். உன்னைவிட ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற எத்தனையோ பேர் இதைக் கவனிக்காமல் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். நீ கவனித்து எழுதுவாய், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் வைக்கிறாய்.

எல்லா மெயிலையும் ரிப்போர்ட்டையும் ஏ.ஐ. எழுதித் தந்துவிடுகிறது. இனிமேல் இதை எதற்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தர வேண்டும்?
— இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்

உன் கேள்விக்கு ஒரு இரவைச் சொல்கிறேன்.

1994-ல் அம்பத்தூரில், நான் அந்த வாரம் தாமதமாக வீடு திரும்பும் இரண்டாம் ஷிஃப்ட். கம்ப்யூட்டரால் இயங்கும் மூன்றாம் நம்பர் சி.என்.சி. லேத்தில் ஷாஃப்டின் விட்டம் 0.05 மி.மீ. கூடுதலாக வர ஆரம்பித்தது. உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்திருந்தது. ஷிஃப்ட் முடிய அரை மணிதான் இருந்தது. இன்சர்ட்டை மாற்றாமல், வெட்டும் அளவைக் கூட்டிக் குறைக்க மெஷினில் பதியும் எண்ணான ஆஃப்செட்டில் 0.05 குறைத்து ஓட்டிவிடலாம் என்று ஆபரேட்டரும் நானும் முடிவு செய்தோம். அளவு சரியாக வந்தது. லாக் புக்கில் நான் எழுதினேன்: ‘மெஷின் 3, சைஸ் பிரச்சினை, சரி செய்யப்பட்டது.’ பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் வந்தார். இன்சர்ட் தேய்ந்திருப்பதைப் பார்த்து, பொறுப்பாகப் புது இன்சர்ட் போட்டார். ஆஃப்செட்டில் ஏற்கெனவே 0.05 குறைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் அளவு குறைவாக வந்தது. அந்தக் காலத்தில் அங்கே மணிக்கு ஒரு தடவைதான் அளந்து பார்ப்போம். அதற்குள் 74 ஷாஃப்ட். கூடுதலாக இருந்தால் மறுபடி கடைந்துவிடலாம், குறைந்தது குறைந்ததுதான். அத்தனையும் ஸ்கிராப். மறுநாள் மெமோ கொடுத்தது அவருக்கு. எனக்கில்லை. லாக் புக்கில் ‘சரி செய்யப்பட்டது’ என்று இருக்கிறதே, அதன்பிறகு கெடுத்தது அவர்தானே என்று கணக்கு. நான் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி, மெமோவைத் திரும்பப் பெற வைக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் கேன்டீனில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் எழுதியிருக்க வேண்டியது இது: ‘இரவு 10.10. மெஷின் 3-ல் விட்டம் 0.05 கூடுதல். இன்சர்ட் தேய்ந்திருக்கிறது, மாற்றவில்லை. ஆஃப்செட்டில் 0.05 குறைத்திருக்கிறேன். புது இன்சர்ட் போட்டால் ஆஃப்செட்டைப் பழையபடி வைத்துவிட்டு, முதல் பீஸை அளந்து பார்க்கவும்.’

இப்போது என் பழைய வரியை உன் ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார். அழகான ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல், ‘பிரச்சினை கண்டறியப்பட்டு வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று எழுதித் தரும். அது அந்த லேத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. ஆஃப்செட்டைத் தொட்டது என் கை. அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற ஆபரேட்டர் என்ன செய்வார், அதற்கு அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்து அதனிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொல்லிவிட்டால் எழுத்துப்பிழையை அது பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் புராஜெக்டில் கடைசியாக எது சரியாக வரவில்லை, நீ என்ன மாற்றினாய் என்று எதன் உதவியும் இல்லாமல் ஐந்து வரி எழுது. அந்த புராஜெக்டை அடுத்த வருடம் தொடரப் போகும் ஜூனியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவன் எந்த வரியில் நிமிர்ந்து உன்னைப் பார்க்கிறான் என்று கவனித்துக்கொள். அந்த வரியை மட்டும் எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் அதையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.